குக்கர் விசில் அடிக்காத வாரங்கள்

இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் சுவரில் ஓட்டை போடக் கூடாது. வந்த புதிதில் எங்களுக்கு இது தெரியாது. லைப்சிக் நகரத்தின் ஓரத்தில், மூன்றாம் மாடியில் ஒரு வாடகை வீடு. என் கணவர் ஒரு ஞாயிறு காலையில் டிரில்லிங் மெஷினை எடுத்துக்கொண்டு எனக்குப் புத்தக அலமாரி மாட்டித் தருவதாகக் கிளம்பினார். அவர் நெல்லிக்குப்பத்துக்காரர். சர்க்கரை ஆலைக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர் என்பதால் சத்தம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவர் காதுக்குத் தெரியாது. முதல் ஓட்டை முடிவதற்குள் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் கீழ்வீட்டு அம்மாள், ஃப்ராவ் லிண்ட்னர். வெள்ளை முடி, இஸ்திரி போட்ட சட்டை, கோபமே இல்லாத ஒரு கண்டிப்பு. "ஹொய்டெ இஸ்ட் ஸோன்டாக்" என்றார். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்று அர்த்தம். அது எங்களுக்கும் தெரியுமே என்பதுபோல என் கணவர் மெஷினோடு நின்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, பதறிவிட்டது. என் அரைகுறை ஜெர்மனில், "உங்கள் வீட்டுக்காரருக்கு நைட் ஷிஃப்டா? தூங்குகிறாரா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். தன் கணவர் இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன என்றார். "அப்படியானால் யார் தூங்குகிறார்கள்?" என்று கேட்டேன். "யாரும் தூங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை" என்று இன்னொரு முறை சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். யாருமே தூங்காத ஒரு பகல் வேளையில் ஓர் ஊரே சத்தம் போடாமல் இருக்கும் என்பதை நம்ப எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

நெய்வேலி நகரியத்தில் வளர்ந்தவர்களுக்கு என் கேள்வியில் தப்பொன்றும் தெரியாது. அங்கே பகலில் ஒரு வீடு அமைதியாக இருந்தால் அதற்கு ஒரே காரணம்தான். அப்பாவுக்கு நைட்டு.

என் வலைப்பூவைப் படிக்கிற சிலர் அவ்வப்போது மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கிறார்கள். வெளிநாட்டில், வேலைக்கும் குழந்தைக்கும் நடுவில், எப்படி விடாமல் படிக்கிறீர்கள், எப்படி வாரம் தவறாமல் எழுதுகிறீர்கள், ஏதாவது வழி சொல்லுங்கள் என்று. காலையில் சீக்கிரம் எழுந்திருங்கள், ஒரு இலக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றெல்லாம் சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் எனக்குப் படிக்கும் பழக்கம் அப்படி வரவில்லை. என் அப்பாவின் தூக்கத்தால் வந்தது. அந்தத் தூக்கத்தைப் பற்றி அப்பாவுக்கு வெகுகாலமாக மனதில் ஒரு குறை இருந்தது. தன்னால் பிள்ளைகளின் வாய் கட்டிப்போயிற்று, குழந்தைகளாகவே அவர்களை இருக்க விடவில்லை என்கிற குறை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியதும்தான்.

தொண்ணூறுகளில் நாங்கள் இருந்தது இரண்டு அறையும் ஒரு ஹாலும் கொண்ட குவார்ட்டர்ஸ். அப்பா மைன்ஸில் வேலை செய்தார். ஒரு வாரம் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், ஒரு வாரம் செகண்ட் ஷிஃப்ட், ஒரு வாரம் நைட் என்று மாறி மாறி வரும். மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்குக் காலாண்டு, அரையாண்டு என்று வருடம் நடந்தால் எங்களுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை எல்லாம் சுற்றி வரும். நைட்டு வாரத்தில் காலையில் ஷிஃப்ட் பஸ்ஸிலிருந்து இறங்கி, புருவத்தில் பழுப்புத் தூசியோடு வந்து, குளித்து, சாப்பிட்டு, உள்ளறைக்குள் போய்ப் படுப்பார். அறை ஜன்னலில் அம்மா ஒட்டிய பழுப்புக் காகிதம் இருக்கும். கதவு சாத்தியதும் அம்மா ஒரு பச்சைத் துண்டை எடுத்துக்கொண்டு போய் கேட்டில் போடுவார். காலிங் பெல்லை அழுத்தாதீர்கள் என்பதற்கு அதுதான் அடையாளம். எங்கள் தெருவில் எல்லோருக்கும் அது தெரியும். கீரைக்காரம்மா எங்கள் வீட்டுக்கு முன்னால் மட்டும் குரலை விழுங்கிக்கொண்டு, இரண்டு வீடு தள்ளிப் போய்க் கூவுவார். பிள்ளைகள் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போவார்கள். அடுத்த வாரம் அவர்கள் வீட்டு கேட்டில் துண்டு தொங்கினால் நாங்கள் போவோம். முணுமுணுப்புகூட இருக்காது.

வீட்டுக்குள் சட்டம் இன்னும் கடுமை. டிவி கிடையாது. தம்பி சேவியரும் நானும் சண்டை போட்டால் வாயசைத்துப் போட வேண்டும். கிள்ளினாலும் கத்தக் கூடாது என்பதால் அவன் அந்த வாரங்களில்தான் அதிகம் கிள்ளுவான். குக்கர் பரண்மேல் ஏறிவிடும். விசில் அடித்தால் அப்பா எழுந்துவிடுவார் என்று அம்மா அந்த வாரம் முழுக்க பானையில்தான் சோறு வடிப்பார். இன்றைக்கும் வடித்த சோற்றின் வாசனை வந்தால் என் குரல் தானாகத் தாழ்ந்துவிடுகிறது. என் கணவர் இதைக் கண்டுபிடித்துவிட்டு, நான் சண்டைக்குத் தயாராகும்போதெல்லாம் சோறு வடிக்கலாமா என்று கேட்பார்.

இந்த அமைதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? படிப்பதைத் தவிர வேறு வழியில்லை. நைட்டு வாரம் தொடங்குவதற்கு முந்தைய சனிக்கிழமை அம்மா எங்கள் இருவரையும் சைக்கிளில் முன்னும் பின்னும் ஏற்றிக்கொண்டு நூலகத்துக்குப் போவார். மழைக்காலத்துக்கு அரிசி பருப்பு வாங்கி வைப்பதுபோல ஒரு வாரத்துக்கான புத்தகங்களை அள்ளிக்கொண்டு வருவோம். தெருவில் நாலைந்து வீடுகள் சேர்ந்து ஆளுக்கொரு வாரப் பத்திரிகை வாங்கி மாற்றிக்கொள்கிற ஏற்பாடும் இருந்தது. யார் வீட்டில் நைட்டோ அந்த வீட்டுக்கு எல்லாப் பத்திரிகையும் முதலில் வந்துவிடும். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் காலையிலேயே ஹாலில் சிமெண்டுத் தரையில் நான் குப்புறப் படுத்துக்கொள்வேன். சேவியர் சுவரில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு மல்லாந்து படிப்பான். அம்மா அரிவாள்மணையை ஒதுக்கி வைத்துவிட்டுத் தொடர்கதையில் இறங்கிவிடுவார். மின்விசிறி சுற்றும். அவ்வளவுதான் சத்தம். ஒரு கதை முடிந்து தலையைத் தூக்கினால் வெயில் ஹாலின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போயிருக்கும்.

அப்பா எழுந்து வந்தால் கதை கலைந்துவிடும். முதல் ஆளாக சேவியர் டிவியைப் போடுவான். நைட்டு வாரம் முடிந்தால் அடுத்த இரண்டு வாரம் புத்தகங்கள் அலமாரிமேல் கிடக்கும். நான் மடித்து வைத்த பக்கம் அப்படியே காத்திருக்கும். பள்ளிக்கூடத்தில் ஆசிரியை, தினமும் படிக்கிறாயா என்று கேட்டதற்கு, "இல்ல டீச்சர், அப்பா நைட்டு போனா மட்டும்" என்று சொன்னேன். அவர் வீட்டிலும் ஒரு நைட்டு இருந்ததால் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். வேறு ஊராக இருந்தால் அம்மாவைக் கூப்பிட்டு விசாரித்திருப்பார்கள்.

படித்து, வேலை பார்த்து, கல்யாணமாகி இரண்டாயிரத்துக்குப் பிறகு இங்கே வந்து சேர்ந்தேன். பெட்டியில் புத்தகத்துக்கு ஒதுக்கியிருந்த இடத்தை அம்மா கடைசி நேரத்தில் ரசப்பொடிக்கும் எலுமிச்சை ஊறுகாய்க்கும் கொடுத்துவிட்டார். பழுப்பு நிலக்கரியை விட்டு வந்தேன் என்று நினைத்தால் இங்கேயும் அதே நிலக்கரி. ரயிலில் தெற்கே போனால் ஜன்னலில் அதே ராட்சசச் சக்கரங்கள் மண்ணைச் சுரண்டிக்கொண்டு நிற்கும். முதல்முறை பார்த்தபோது பக்கத்தில் இருந்தவரிடம் "எங்கள் அப்பாவின் வேலை" என்று கைநீட்டிக் காட்டினேன். என் அப்பா அந்த மெஷினுக்குள் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு அவர் அதைப் பார்த்து நட்பாகக் கையசைத்தார். தீர்ந்துபோன சுரங்கங்களில் இவர்கள் தண்ணீர் விட்டு ஏரியாக்கி அதில் நீச்சலடிக்கிறார்கள். அப்பாவிடம் போனில் சொன்னபோது, "மைன்ஸ்லயா குளிக்கிறாங்க?" என்று இரண்டு முறை கேட்டார்.

வந்த முதல் சில மாதங்கள் நான் ஒரு புத்தகத்தைக்கூடத் தொடவில்லை. நேரம் இல்லை என்று சொல்லிக்கொண்டேன். பொய். வேலை தேடிக்கொண்டிருந்த எனக்கு நேரம் மட்டும்தான் இருந்தது. ஓட்டை போடப் போய் மாட்டிக்கொண்ட அந்த ஞாயிறு, அலமாரி மாட்டப்படாமல் சுவரில் சாய்ந்து கிடக்க, கணவர் கோபித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். வீடு, மாடிப்படி, தெரு எங்கும் ஒரு சத்தம் இல்லை. கடைகள் சாத்தியிருந்தன. எனக்குத் தலைகால் புரியாத ஒரு சந்தோஷம். பெட்டியின் அடியில் அம்மாவின் கண்ணுக்குத் தப்பியிருந்த ஒரு பழைய நாவலை எடுத்துக்கொண்டு தரையில் குப்புறப் படுத்தேன். அவர் திரும்பி வந்து, சாப்பாடு எங்கே என்று கேட்கும்போது முக்கால்வாசி முடிந்திருந்தது.

வலைப்பூ தொடங்கியதும் அப்படி ஒரு ஞாயிறுதான். தமிழ் தட்டச்சு அப்போது ஒரு போராட்டம். 'ழ' வரவேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக வரும். முதல் பதிவுக்கு வந்த பின்னூட்டங்கள் மூன்றே ரகம்: அருமை, தொடருங்கள், எழுத்துரு தெரியவில்லை. ஆனாலும் ஞாயிறுதோறும் காலையில் படித்தேன், மத்தியானம் எழுதினேன். மூன்று வாரத்துக்கு ஒருமுறை கிடைத்ததை இந்த ஊர் எனக்கு வாராவாரம் கொடுத்தது. அம்மாவின் பச்சைத் துண்டுபோல ஒன்றை வாங்கி, கணவருக்குப் புரியட்டும் என்று பால்கனிக் கம்பியில் போட்டேன். உடனே ஃப்ராவ் லிண்ட்னர் வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போடக் கூடாதாம், அமைதியைக் கெடுக்கிற காரியமாம். "இது துணி இல்லை" என்றேன். "வேறு என்ன?" என்றார். எங்கள் ஊரில் இதற்கு அமைதி என்று பெயர் என்று சொல்ல எனக்கு ஜெர்மன் போதவில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டு துண்டை எடுத்து, வாசல் கதவின் வெளிப்பக்கக் கைப்பிடியில் மாட்டினேன்.

பிறகு மகள் பிறந்தாள். அவள் அழுவதற்கு ஞாயிற்றுக்கிழமைச் சட்டத்தில் விலக்கு உண்டாம், ஃப்ராவ் லிண்ட்னரே சொன்னார். எனக்குத்தான் விலக்கு இல்லை. படிப்பது நின்றது, எழுதுவதும் நின்றது. வலைப்பூவின் முகப்பில் ஒரே பதிவு மாதக்கணக்காகக் கிடந்தது. முதலில் குற்ற உணர்வாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது, அதுதான் மோசம்.

அந்தச் சமயத்தில்தான் அப்பா ரிடையர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு குறிஞ்சிப்பாடியில், அவர் பிறந்த ஊரில், ஒரு சின்ன வீட்டுக்குப் போனார்கள். சேவியர் சென்னையிலிருந்து வந்து கம்ப்யூட்டரும் இணையமும் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனான். அம்மா அதைப் பிடித்துக்கொண்டார். அப்பாவுக்குத்தான் எதுவும் பிடிபடவில்லை. "ஆளு ரிடையர் ஆயிட்டாரு, ஒடம்பு இன்னும் ஷிஃப்ட் போய்கினு இருக்குது" என்பார் அம்மா. மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரவெல்லாம் விழித்திருந்து பகலில் படுப்பாராம். படுத்தாலும் தூக்கம் வராதாம். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம்தான் காரணமா என்று கேட்டேன். "தறி ஓடுனாதான் கொஞ்சமாச்சும் கண்ண மூடுறாரு. நின்னுட்டா முழிச்சிகினு கெடக்குறாரு" என்றார்.

ஒருநாள் இணையத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது என் மகள் பின்னால் கத்திக்கொண்டிருந்தாள். நான் அவளை அதட்டினேன். அப்பா வழக்கமாக "சாப்ட்டியா" என்று கேட்டுவிட்டு மைக்கை அம்மாவிடம் கொடுத்துவிடுகிறவர். அன்றைக்குக் கொடுக்கவில்லை.

"கத்தட்டும் வுடும்மா. நான் வூட்ல இருந்தாலே நீங்கல்லாம் வாய மூடிகினு கெடந்தீங்க. அதான் நீ அவ்ளோ தூரம் போய்ட்ட. அங்கயாச்சும் அது சத்தமா வளரட்டும்."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அப்படியில்லைப்பா என்று சொல்ல வாய் வரவில்லை. எங்கள் வீட்டில் முக்கியமான எதையும் யாரும் சத்தமாகச் சொல்லிப் பழகவில்லை. அடுத்த ஞாயிறு மகளைக் கணவரிடம் கொடுத்து அந்தச் சுரங்க ஏரிக்கு அனுப்பிவிட்டு, கைப்பிடியில் துண்டை மாட்டிவிட்டு உட்கார்ந்தேன். பல மாதங்களுக்குப் பிறகு ஒரு பதிவு எழுதினேன். பழுப்புக் காகிதம் ஒட்டிய ஜன்னல், கேட்டில் துண்டு, வாயசைத்துப் போட்ட சண்டை, சிமெண்டுத் தரை, எல்லாவற்றையும் எழுதினேன். எனக்கு ஏதாவது படிக்கத் தெரியும் என்றால், எழுதத் தெரியும் என்றால், அது அப்பா தூங்கிய பகல்களில் கிடைத்தது என்று முடித்தேன். அருமை, தொடருங்கள் என்று இரண்டு பின்னூட்டங்கள் வந்தன. நான் காத்திருந்தது அவற்றுக்காக இல்லை.

அம்மா அதை அப்பாவுக்கு உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறார். அவர் கேட்டுக்கொண்டாராம். சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாராம். அதற்கடுத்த ஞாயிறு நான் கூப்பிட்டபோது அவரே எடுத்தார்.

"பாப்பா, ஒண்ணு சொல்லணும். நான் தூங்கல."

"எப்பப்பா? நேத்தா?"

"அப்போ. குவார்ட்டர்ஸ்ல. பதினோரு மணிக்கெல்லாம் முழிப்பு வந்துடும்மா. மே மாசத்துல எவன் தூங்குறது? எழுந்துக்கலாம்னு கால கீழ வைப்பேன். பேப்பர் திருப்புற சத்தம் கேக்கும். நீ ஒண்ணு திருப்புவ, கொஞ்ச நேரங்கழிச்சி அவன் ஒண்ணு திருப்புவான். நான் வெளிய வந்தா டிவியப் போட்டுடுவீங்க. சரி, படிக்கட்டும்னு திரும்பப் படுத்துக்குவேன்."

"எவ்ளோ நேரம்பா அப்படி?"

"உங்கம்மா டீ போடுற வரைக்கும்."

அவர் தொடர்ந்தார். "நீ சரசரன்னு திருப்பிகினே இருப்ப. தம்பி ஒரு பக்கம் திருப்புவான், அப்புறம் மொத்தமாத் தள்ளிப் பாப்பான், இன்னும் எவ்ளோ பாக்கின்னு. உங்கம்மா படிச்சா நடுவுல சிரிப்பா. வாயப் பொத்திகினு சிரிப்பா. அதுதான் நல்லாக் கேக்கும். தூங்காமயே தூங்குறாப்புல படுத்துகினு உங்க வாயக் கட்டிட்டனோன்னு இத்தினி வருஷமா மனசுல இருந்துச்சி. நீ எழுதினத உங்கம்மா படிச்சா. சரி, தப்பில்லன்னு இப்பதான் தோணுச்சி."

பின்னாலிருந்து அம்மாவின் குரல் வெடித்தது. "அப்போ நான் குக்கர வெச்சிருக்கலாமே! வருஷக்கணக்கா சோறு வடிச்சி வடிச்சி கையச் சுட்டுகினேனே! ஒரு வார்த்த சொன்னீங்களா நீங்க?"

அன்றைக்கு அந்த வீட்டில் நடந்த சண்டைக்கு ஒரு சட்டமும் இல்லை. நான் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தேன். அம்மா பானையைப் பற்றி இன்னும் முடிக்கவில்லை என்று கேள்வி.

ஆகவே, வழி கேட்கிற நண்பர்களே, என்னிடம் இருப்பது இவ்வளவுதான். வீட்டில் யாராவது ஒருவர் நீங்கள் புத்தகத்தில் பக்கம் திருப்பும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, அதைக் கலைக்க மனமில்லாமல் படுத்திருந்தால் உங்களுக்குப் படிக்கும் பழக்கம் வந்துவிடும். அப்படி ஒருவர் வேண்டும் என்று தோன்றினால் நீங்கள் அப்படி ஒருவராக யாருக்காவது இருக்கலாம். என் கணவர் சத்தத்தோடு பிறந்தவர், ஆனாலும் ஞாயிறு காலைகளில் மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் ஏரிக்குப் போய்விடுகிறார். சுவரில் அலமாரியும் ஏறிவிட்டது, ஒரு செவ்வாய்க்கிழமையில்.

இப்போது ஞாயிறு காலை எனக்கும் குறிஞ்சிப்பாடிக்கும் இடையில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. இங்கே பத்து மணி ஆகும்போது அங்கே மத்தியானச் சாப்பாடு முடிந்திருக்கும். தறிக்காரருக்கும் ஞாயிறு விடுமுறை, தெருவில் சத்தம் இருக்காது. அம்மா கம்ப்யூட்டரில் இணைப்பைப் போட்டு, அப்பா படுக்கைப் பக்கத்தில் ஸ்பீக்கரை வைத்துவிடுவார். நாங்கள் பேசுவதில்லை. நான் இங்கே மைக்கைத் திறந்து வைத்துவிட்டுப் படிக்கிறேன், பிறகு எழுதுகிறேன். அவர் அங்கே படுத்திருக்கிறார். முதலில் இருமுவார், புரள்வார். கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்துவிடும். நிஜக் குறட்டை, நடிப்பில்லை. நடிப்பு எப்படி இருந்தது என்றுகூட எங்களுக்குத் தெரியாதே என்று சேவியர் சொல்கிறான்.

போன ஞாயிறு அப்படிப் படித்துக்கொண்டிருக்கும்போது கதவு மெல்லத் தட்டப்பட்டது. ஃப்ராவ் லிண்ட்னர் கையில் என் பச்சைத் துண்டோடு நின்றார். யாரோ மறந்துபோய்க் கைப்பிடியில் விட்டுவிட்டார்கள் என்று நினைத்துக் கழற்றி எடுத்திருந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் உதட்டில் விரலை வைத்தேன். "மைன் ஃபாட்டர் ஷ்லேஃப்ட்" என்றேன். என் அப்பா தூங்குகிறார். அவர் என் தோளுக்கு மேலாக ஹாலை எட்டிப் பார்த்தார். சோபா காலியாக இருந்தது. மேசையில் கம்ப்யூட்டர் மட்டும் இருந்தது. அதிலிருந்து ஒரு நீண்ட குறட்டை வந்தது. அவர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். துண்டை ஒருமுறை உதறி, மடிப்பு நீவி, திரும்பக் கைப்பிடியிலேயே மாட்டினார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

நான் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தேன். மைக்கைப் புத்தகத்துக்கு அருகில் இழுத்து வைத்து, பக்கத்தைத் திருப்பினேன்.